அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. ஐந்து வயது மகள் தினமும் தூங்கும் முன் "வாங்கப்பா, படம் வரையலாம்" என்று தாளோடு வந்துவிடுகிறாள். நானும் யூடியூப் பார்த்து யானை, மயில் எல்லாம் வரைந்து காட்டுகிறேன். அவளோ அப்பத்தாவை வீட்டை விடப் பெரிசாகப் போடுகிறாள். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் சுவர் வழியாகத் தெரிகிறார்கள். அழித்துத் திருத்தினால், "எனக்கு வராது, நீங்களே வரைங்க" என்று பென்சிலைப் போட்டுவிடுகிறாள். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: "எனக்கு வராது" என்று அவளைச் சொல்ல வைத்தது நீங்கள்தான். அவள் உங்களோடு வரையக் கூப்பிட்டாள், நீங்கள் பாடம் நடத்தியிருக்கிறீர்கள்.

அவள் படத்தில் தப்பே இல்லை. இந்த வயதில் குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். அப்பத்தா வீட்டுக்குள் பட்டாசாலையில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும், அப்புறம் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்பதற்காக ஏன் அவரை மறைக்க வேண்டும்? யார் முக்கியமோ அவர் பெரிசாகிவிடுவார் என்பதை, குழந்தை ஓவியங்களை வயதுவாரியாக ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் போன்றவர்கள் போன நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். மூன்று நான்கு வயதில் தலையிலிருந்தே கை கால் முளைத்த மனிதரை வரைந்திருப்பாளே, அதைத் தாண்டித்தான் இங்கே வந்திருக்கிறாள். அளவும் தூரமும் வளர வளரத் தானாகப் பிடிபடும். நீங்கள் அழித்தது வீட்டை விடப் பெரிய ஒரு அப்பத்தாவை.

சரி, என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வினிகாட், தன்னிடம் வந்த பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அவர் தாளில் ஒரு கிறுக்கல் போடுவார், பிள்ளை அதை ஏதாவது ஒன்றாக மாற்றும், அடுத்து பிள்ளை கிறுக்கும், அவர் மாற்றுவார். பேசாத பிள்ளைகளும் அப்படி விளையாடும்போது மனசில் இருப்பதைச் சொல்லிவிடும். இன்று ராத்திரியே செய்து பாருங்கள், இதற்கு வரையத் தெரிந்திருக்கவே வேண்டாம். இன்னொரு நாள் அவள் புள்ளி வைக்கட்டும், நீங்கள் கோலமாக இழுங்கள். புள்ளி கோணல்மாணலாகத்தான் விழும், அதற்கு ஏற்ற மாதிரி கோட்டை வளைப்பது உங்கள் பாடு!

யூடியூப் வேண்டாம். படுக்கிற நேரத்தில் போன் வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிப்போடும். "இது என்ன?" என்றும் கேட்காதீர்கள், "இதைப் பத்திச் சொல்லும்மா" என்று கேளுங்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் அழுதது, யார் தள்ளிவிட்டது எல்லாம் வரும். சொன்னதைத் தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கையாலேயே வண்ணம் ஊற்றுவதைப் பார்க்கட்டும், ஒரு கல் போல இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது, அதைத்தான் விலை கொடுத்து வாங்கித் தரையில் பதிக்கிறோம்.

வகுப்பு, அவளாகக் கேட்டால் மட்டும். அப்போதும் ராத்திரி உங்களோடு வரைவதை நிறுத்திவிடாதீர்கள்.