வீடு மணக்க எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? (கேள்வி-பதில்)

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பாத்ரூம். விருந்தினர் அறையை ஒட்டியதில் எப்போது கதவைத் திறந்தாலும் சாக்கடை நாற்றம். ஏர் ஃப்ரெஷ்னர் கட்டி வாங்கி மாட்டினால் இரண்டு நாள் மணக்கிறது, அப்புறம் பழையபடிதான். ரசாயனம் இல்லாமல் இயற்கையாக ஏதாவது வாங்கி வைக்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அந்த பாத்ரூமில் தினமும் யாராவது குளிக்கிறார்களா? விருந்தினர் வந்தால் மட்டும்தான் என்றால், உங்களுக்கு வேண்டியது வாசனைப் பொருள் இல்லை, ஒரு வாளித் தண்ணீர்.

பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் சல்லடை மூடி ஒன்று இருக்கும். அதற்கு அடியில் கிண்ணம் மாதிரி ஓர் அமைப்பு உண்டு. பிளம்பர்கள் அதை நஹானி ட்ராப் என்பார்கள். அதில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் குழாயிலிருந்து வரும் காற்றை மேலே ஏறவிடாமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். யாரும் புழங்காத பாத்ரூமில், அதுவும் வெயில் காலத்தில், அது வற்றிவிடும். வற்றியதும் குழாய் நேராக உங்கள் அறைக்குள் திறந்துகொள்கிறது. அந்த நிலையில் கட்டி மாட்டினாலும் சரி, எலுமிச்சை வைத்தாலும் சரி, பலன் இருக்காது.

இன்று ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றுங்கள். இனி வாரம் ஒரு முறை இரண்டு குவளை ஊற்றினால் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால், தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுச் செல்லுங்கள். எண்ணெய் மேலே மிதந்து, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். சமையலறை சிங்க், பால்கனி, வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்கும் வாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லையா? கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படித் தூக்கியபோது, முடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து ஒரு கறுப்புத் திரியாகக் கையோடு வந்தது. அதற்குள் கவிழ்ந்திருக்க வேண்டிய கிண்ணமூடியைக் காணோம். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அடைப்பு எடுக்க வந்தவர் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஹார்டுவேர் கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம், அன்றே நாற்றம் நின்றது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாற்றத்தைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்த்தாலும் இதேதான். வினிகர் இயற்கையானது என்பதால் எதனோடும் கலக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் மாலையில் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றுகிறோம். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. இதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கட்டிச் சாம்பிராணி வாங்கினால் நல்லதா? (வாசகர், ஈரோடு)

பதில்: பொருளாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று விற்பதில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும்தான். அதைப் பசை போட்டுப் பிடித்து, வாசனை சேர்க்கிறார்கள். அசல் சாம்பிராணி ஒரு மரப் பிசின். சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களின் பட்டையைக் கீறி எடுப்பது. தணலில் போட்டால் இளகி, இனிப்பு கலந்த வாசம் வரும். அந்த வாசத்துக்கு ஒரு காரணம் வனிலின், வெனிலாவில் இருக்கும் அதே பொருள். அப்படியில்லாமல் டர்பன்டைன் மாதிரி மூக்கைக் குத்தினால் வேறு ஏதோ மலிவான பிசின் கலந்திருக்கலாம். குங்கிலியம் தனிப் பொருள், அதைக் குங்கிலியம் என்றே கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் முதலில் ஐம்பது கிராம் வாங்கி, வீட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் அதிகமாக வாங்குங்கள்.

ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் நான் இரண்டையுமே வேண்டாம் என்பேன். அசல் பிசினிலிருந்து வந்தாலும் புகை புகைதான். அதில் இருக்கும் நுண்துகள்கள் நுரையீரலுக்குள் இறங்கும். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் பாசத்தோடு செய்கிற காரியம், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தாலே அந்த மெல்லிய முடி ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பாட்டி மனம் வருந்தினால், வெள்ளிக்கிழமை மட்டும், குழந்தை வேறு அறையில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

புகையில்லாமல் வாசம் வேண்டுமென்றால் வெட்டிவேர் இருக்கிறது. கடலூர் மாவட்டக் கடலோர மணல் நிலத்தில் விளைவதுதான், வெளியூர்ச் சரக்கு தேட வேண்டியதில்லை. ஒரு பிடி வேரை நன்றாக அலசி, மண்பானைத் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வையுங்கள். காற்று அதன் மேல் பட்டு உள்ளே வரும்போது, முதல் மழையில் நனைந்த மண் மாதிரி ஒரு குளிர்ந்த வாசம் வரும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை வேரை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது நான்கைந்து வேரை உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்கி முகருங்கள். எண்ணெய் வடித்தெடுத்த வேராக இருந்தால் வெறும் வைக்கோல் வாசம்தான் வரும். உதறினால் மண் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். வேர் எடை போட்டு விற்பது, மண்ணுக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: பட்டுப் புடவை பீரோவில் பாச்சா உருண்டை போடலாமா? (வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: வேண்டாம். பாச்சா உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் அந்த உருண்டைக்குத் தடை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, இதன் நெடி பட்ட துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். பீரோவில் வைத்த பழைய துணியை எடுத்துப் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது நம் வழக்கம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

நிழலில் சருகாகக் காய்ந்த வேப்பிலை, ஒரு துண்டு வசம்பு, கொஞ்சம் வெட்டிவேர் மூன்றையும் மல்துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். ஜரிகையில் படக் கூடாது. இலையில் ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முடிச்சை மாற்றும்போது புடவையையும் மடிப்பு மாற்றி, நிழலில் காற்றாட விட்டு எடுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் மீன் வாசம். பேக்கிங் பவுடர் வைத்தும் போகவில்லையே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வைக்க வேண்டியது ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமிலப் பொருளும் மாவும் சேர்த்தது, விலையும் கூட. முதலில் தட்டுகளைக் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் துடையுங்கள். மீன் வாசத்துக்குக் காரணமான அமீன்களை அமிலம் கட்டுப்படுத்திவிடும். கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளும் துடைக்க வேண்டும், மீன் தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன் பிறகு அகலமான கிண்ணத்தில் சோடாவைப் பரப்பித் திறந்தபடி வையுங்கள்.

கேள்வி: தரை துடைக்கிற தண்ணீரில் விடலாம் என்று ஆன்லைனில் ‘நூறு சதம் இயற்கை’ என்று போட்டிருந்த லெமன்கிராஸ் எண்ணெய் வாங்கினேன். திறந்தால் சோப்பு வாசம்தான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, மதுரை)

பதில்: ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் அப்படியே வையுங்கள். லெமன்கிராஸ் எண்ணெய் ஆவியாகிவிடும், லேசான மஞ்சள் கறை மிஞ்சினால் பரவாயில்லை. முறுக்கு வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்ப் பசை நின்றால், மலிவான வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. சோதனையில் தேறினாலும் முழுதாக நம்பிவிட முடியாது, செயற்கை வாசனைத் திரவியமும் ஆவியாகக்கூடியதுதான். அதனால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா, ‘எசென்ஷியல் ஆயில்’ என்று இருக்கிறதா, ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்று இருக்கிறதா? பின்னது வெறும் வாசனைக் கலவை. நிகர அளவு, எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் முகவரி, புகார் தெரிவிக்க வேண்டிய விவரம் எல்லாம் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம்.

‘இயற்கை’, ‘தூய்மையானது’, ‘பசுமை’ போன்ற சொற்களைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற பொருளில் ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எந்தப் பொருளில் சொன்னாலும் பொய் விளம்பரம் என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே போதும்.

புட்டி, அட்டைப்பெட்டி, பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். விற்பவர் அந்தப் பக்கத்தை நாளைக்கே மாற்றிவிடலாம், ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

அதுவரை அந்தப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று தரையில் விட்டுக் காலி செய்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.