நிறுவனச் சமூகப் பொறுப்பும் மக்கள் சுற்றுச்சூழல் இயக்கமும் ஒன்றா?
இல்லை. தன் தொழிலால் சமூகத்துக்கும் இயற்கைக்கும் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் தானே பொறுப்பேற்பது முன்னது. ஓர் இடத்தை நேசிப்பவர்கள் அதைக் காக்கத் திரள்வது பின்னது. முன்னதற்குப் பணம் உண்டு, ஆனால் எதைச் செய்வதென்று நிறுவனமே முடிவுசெய்யும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் ஒரு வீட்டார் தம் வாசலைக் கூட்டுவதற்கும், கீழே நிற்கும் மரத்துக்காக எல்லா வீட்டாரும் கூடிப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

என் மனத்துக்கு நெருக்கமான சான்று, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடற்கரை: 2001இல் அக்கடற்கரையை மண்ணிட்டு நிரப்பவிருந்தபோது, இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் அங்குள்ள உயிரினங்களைப் பதிவுசெய்து அரசிடம் கருத்துரைத்தார்கள், அவ்வாண்டு டிசம்பரில் நிலமீட்புத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஊழியர்கள் ஒருநாள் கடற்கரையில் குப்பை பொறுக்குவதே நிறுவனப் பொறுப்பு எனப் பலர் எண்ணுகிறார்கள். நிறுவனம் தன் உற்பத்தியில் உண்டாக்கும் கழிவைக் குறைப்பதே அதன் முதற்பகுதி.