கிரெட்டாவா, வென்யூவா, அல்கசாரா? முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜவுளி வியாபாரம். மாதம் 1,100 கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பகுதி சேலம், கோவை என்று ஹைவேயில். மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது மனைவி. ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர்தான். அவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. வருஷத்தில் இரண்டு மூன்று முறை குடும்பம் மொத்தமும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன் ரோடு விலை 20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஹூண்டாய்தான் என்று முடிவாகிவிட்டது. “ஷோரூமில் வென்யூ, கிரெட்டா, வெர்னா, அல்கசார் என்று நான்கையும் காட்டி, ஒவ்வொன்றிலும் நாலு இன்ஜின், மூணு கியர்பாக்ஸ் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் எட்டு பிரோஷர் தாள்கள்தான் மிச்சம். டீசல்தான் மலையேறும் என்கிறார் மச்சான். எதை வாங்குவது?” என்று கேட்கிறார்.

அந்த எட்டுத் தாளையும் ஓரமாக வையுங்கள். கார் கம்பெனிகள் மாடலை விற்கின்றன. நாம் பத்து வருஷம் கூட வைத்துக்கொண்டு வாழப்போவது இன்ஜினோடும் கியர்பாக்ஸோடும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய் தொழிற்சாலையின் இன்றைய வரிசையைப் பாருங்கள். பெயர்ப்பலகைகள் நிறைய, உள்ளே இருக்கும் இன்ஜின்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

1.2 லிட்டர் பெட்ரோல், 83 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு சக்தி அளவு). நியோஸ், எக்ஸ்டர் என்ற சின்ன கார்கள் தொடங்கி வென்யூ வரை இதுதான். அடுத்து 1.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி உள்ள) பெட்ரோல், 120 பிஎஸ், வென்யூவில் வருகிறது. மூன்றாவது 1.5 லிட்டர் சாதா, அதாவது டர்போ இல்லாத பெட்ரோல், 115 பிஎஸ். கிரெட்டாவுக்கும் வெர்னாவுக்கும் பொது. நான்காவது 1.5 டர்போ பெட்ரோல், 160 பிஎஸ். கிரெட்டா, வெர்னா, அல்கசார் மூன்றிலும் உண்டு. ஐந்தாவது 1.5 டீசல், 116 பிஎஸ். இது வென்யூ, கிரெட்டா, அல்கசார் மூன்றிலும் இருக்கிறது. வெர்னாவில் 2023-லேயே டீசலை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. மின்சாரக் கிரெட்டா தனிக் கணக்கு. நீங்கள் கேட்கவில்லை, நானும் இழுக்கவில்லை.

பிஎஸ் எண்ணைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது டார்க் என்கிற இழுவிசையை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது அது கிடைக்கிறது என்பதை. சாதா 1.5 பெட்ரோல் தன் முழு இழுவிசையான 144 நியூட்டன் மீட்டரைக் காட்ட 4,500 ஆர்பிஎம் வரை ஏற வேண்டும். டீசல் 250-ஐ 1,500-லேயே கொடுத்துவிடும். 1.5 டர்போவும் அதே 1,500-இல் 253 கொடுக்கிறது. உங்கள் மச்சான் சொல்வதில் பாதி இதனால் உண்மை. ஐந்து பேரும் இரண்டு பையும் ஏறிய கிரெட்டா சாதா பெட்ரோலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும். ஆனால் கத்திக்கொண்டே ஏறும். டீசல் பேச்சுமூச்சு இல்லாமல் ஏறும். வருஷத்தில் மூன்று நாள் கத்தலுக்காக மீதி 362 நாளுக்கும் டீசல் வாங்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் போட வேண்டிய கணக்கு.

போட்டுப் பார்ப்போம். ஒரே வேரியன்ட்டில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் டீசல் ஆட்டோமேட்டிக்குக்கும் விலை வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். அதன்மேல் சாலை வரியையும் சேர்த்தால் 1.8 லட்சத்தை ஒட்டி வரும். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் ஹைவேயும் கலந்து பெட்ரோல் 13, டீசல் 16 மைலேஜ் கொடுத்தால், கிலோமீட்டருக்கு டீசலில் மிச்சம் சுமார் இரண்டு ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவர 90,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஏழு வருஷம். மாதம் 2,000 ஓடுகிறவராக இருந்தால் நாலு வருஷத்துக்குள் வந்துவிடும். அப்போது நானே டீசல் என்று எழுதியிருப்பேன்.

பிரோஷரில் இருக்கும் மைலேஜைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்யாதீர்கள். 2024-இல் புதுப்பித்த கிரெட்டா வந்தபோது கம்பெனி சொன்னது சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 17.7, டர்போவுக்கு 18.4, டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 19.1. 160 பிஎஸ் இன்ஜின் 115 பிஎஸ்ஸைவிடக் கூடுதலாகக் கொடுக்குமாம்! பரிசோதனைக்கூடத்தில் மெல்ல மிதித்தால் கொடுக்கும்தான். பெருந்துறை ரோட்டில் லாரியை முந்தும்போது யார் மெல்ல மிதிக்கிறார்கள்? அப்புறம் இன்னொன்று. இப்போது பங்க்கில் போடுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே பெட்ரோல் காரின் மைலேஜில் அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். மேலே 13 என்று கையை இறுக்கிப் போட்டது அதனால்தான்.

உங்கள் வீட்டுக்கு டீசல் வேண்டாம் என்பதற்கு பணத்தைவிடப் பெரிய காரணம் அந்த மூன்று கிலோமீட்டர் பள்ளி நடை. இன்றைய புகை விதியான பிஎஸ்-6-க்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்து, புகை நன்றாகச் சூடேறியதும் எரித்துவிடும். எரிய வேண்டுமென்றால் ஒரே மூச்சில் பதினைந்து இருபது நிமிடமாவது ஹைவே வேகத்தில் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டரில் இன்ஜினே முழுசாகச் சூடேறாது. என் நண்பர் ஒருவர், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர், டீசல் வாங்கினார். எந்த கம்பெனி என்பது முக்கியமில்லை, எல்லா டீசலுக்கும் இதே விதிதான். எட்டாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை என்று இரண்டு வாரம் ஓட்டினார். வண்டி இழுக்க மறுத்த பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி வலுக்கட்டாயமாக எரித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஞாயிறு காலையில் மனுஷன் வேலை இல்லாமல் பைபாஸில் போய்வருகிறார், நாய்க்கு நடை காட்டுவதுபோல. நீங்கள் வாரம் ஒருமுறை சேலம் போவதால் உங்களுக்கு அவ்வளவு மோசமாகாது. ஆனாலும் நீங்கள் வெளியூரில் இருக்கும் வாரம் வண்டி பள்ளிக்கு மட்டும்தான் போகும், அந்த விளக்கு எரியும்போது ஸ்டியரிங்கில் இருப்பது உங்கள் மனைவி.

சரி, பெட்ரோல். எந்த ஆட்டோமேட்டிக்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிரெட்டா ஒரே காரில் மூன்று வகை ஆட்டோமேட்டிக் இருக்கிறது, ஷோரூம்காரர் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்கிறார். சாதா பெட்ரோலுக்கு ஐவிடி. டர்போவுக்கு ஏழு கியர் டிசிடி. டீசலுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்.

ஐவிடியில் கியர் என்று தனித்தனியாகக் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே சங்கிலி ஓடுகிறது. கப்பி விரிந்து சுருங்க விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் வெண்ணெய் மாதிரி போகும். வேகமாக அழுத்தினால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். டிசிடி உள்ளே இரண்டு கிளட்ச்; கியர் மாறுவதே தெரியாது, ஓட்டப் பிரியப்படுகிறவர்களுக்கு அமிர்தம். ஆனால் அதில் இருப்பது நிஜமான கிளட்ச் தட்டுகள். கொல்லிமலையில் முன்னால் ஒரு அரசுப் பேருந்து வளைவில் திணறி நின்று நின்று ஏறுகிறது, பின்னால் நீங்கள் பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்சிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரம் கிளட்ச் அரைபட்டுக் கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் சூடு தலைக்கேறி, ஓரம் கட்டு என்று திரையில் எச்சரிக்கை வரலாம். பிரேக்கில் நிறுத்தி, இடைவெளி விட்டு ஏறினால் பிரச்சினை இல்லை. தெரிந்து ஓட்டுகிறவருக்கு டிசிடி நல்லது. டார்க் கன்வெர்ட்டர் பழைய ஆள். ஆயில் வழியாகச் சக்தி போகும், எதையும் தாங்கும், கொஞ்சம் சாவகாசம்.

உங்கள் வீட்டில் இருவர் ஓட்டுகிறார்கள், ஒருவர் ஊருக்குள் மட்டும். ஐவிடிதான் சரி. மலையில் ஸ்போர்ட் மோடில் போட்டு ஏறுங்கள். இறங்கும்போது கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி கீழ்க் கியரில் வையுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவும் இறங்கினால் அடிவாரத்தில் கருகிய வாசனை வரும்.

இனி எந்த உடம்பு என்பது சுலபம். ஐவிடியோடு வரும் 1.5 பெட்ரோல் கிரெட்டாவிலும் வெர்னாவிலும் மட்டுமே. வெர்னா உண்மையில் நல்ல கார். டிக்கி 528 லிட்டர், கிரெட்டாவில் 433தான். 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அப்பாவின் முழங்கால் அதை ஏற்காது. செடானில் கீழே விழுந்து உட்கார வேண்டும், எழும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும். கிரெட்டாவின் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும்.

வென்யூ மட்டும் ஏன் அவ்வளவு மலிவு என்று நீங்கள் கேட்கலாம். பாதிக் காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும், அல்லது 1,500 சிசிக்குள் டீசலும் இருந்தால் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, மீதி பெட்ரோல், டீசல் கார்களுக்கெல்லாம் 40. கிரெட்டா நீளம் 4.33 மீட்டர், ஆகவே 40. அதே டீசல் இன்ஜின் வென்யூவில் 18-இல் வருகிறது. டீசல்தான் என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றால் அவரை வென்யூ வாங்கச் சொல்லுங்கள். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரச வேண்டியிருக்கும்.

வரி என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி படிக்கட்டு மாதிரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 விழுக்காடு, 10 முதல் 20 வரை 18, அதற்கு மேல் 20. எக்ஸ் ஷோரூம், அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9.95 லட்சம் என்றால் வரி 1.29 லட்சம். 10.05 ஆகிவிட்டால் 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் அலாய் வீலுக்கு ஐம்பதாயிரம் வரி! வென்யூ பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். உங்களுக்கு வேறு கணக்கு: 16 லட்சம் கார் என்றால் வரி 2.88 லட்சம், விற்பவர் வசூலிக்கும் வருமான வரி முன்பணமான டிசிஎஸ் ஒரு விழுக்காடு 16,000, இன்சூரன்ஸ் 65,000 வாக்கில், மொத்தம் 19.7. ஆக உங்கள் எல்லை எக்ஸ் ஷோரூம் 16 லட்சம்.

அல்கசாரில் சாதா பெட்ரோலே கிடையாது. ஆகவே உங்களுக்கு இல்லை. ஆனால் மேனுவல் கியரில் அந்த 160 பிஎஸ் டர்போவை ஆசைப்படும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு ரகசியம். சாதாரண கிரெட்டாவில் டர்போ மேல் வேரியன்ட்டில் ஆட்டோமேட்டிக்கோடு மட்டுமே வந்தது, வந்தபோதே 20 லட்சம். மேனுவல் வேண்டுமென்றால் கிரெட்டாவின் ‘என் லைன்’ (N Line) என்ற ஸ்போர்ட் பதிப்பு, 2024-இல் 16.82 லட்சத்தில் தொடங்கியது. அதே வருஷம் வந்த அல்கசாரின் அடிமட்ட வேரியன்ட்டில் அதே இன்ஜின், ஆறு கியர் மேனுவல், 14.99 லட்சம். வண்டி பெரிது, இன்ஜின் அதே, விலை குறைவு. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

வசதிகளுக்கு வருவோம். ஆறு ஏர்பேக் 2023 அக்டோபரிலிருந்து ஹூண்டாயின் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, அதற்காக மேல் வேரியன்ட் போக வேண்டாம். பனோரமிக் சன்ரூஃப் ஈரோட்டு வெயிலில் மகள் முதல் வாரம் திறப்பாள், அதோடு சரி. காற்று வரும் சீட் மே மாதத்தில் உண்மையிலேயே சுகம். பணம் எட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். தானாக பிரேக் போடும் அடாஸ் ஆறுவழிச் சாலையில் நல்ல துணை. ஊருக்குள் குறுக்கே வரும் ஒவ்வொரு டூவீலருக்கும் அலறும், ஒரு மாதத்தில் பாதியை அணைத்துவிடுவீர்கள். அதற்காக இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கிரெட்டா 1.5 பெட்ரோல், ஐவிடி, 16 லட்சத்துக்குள் எந்த வேரியன்ட் கிடைக்கிறதோ அது. புக்கிங் பணம் கட்டும் முன் டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். குடும்பம் மொத்தத்தையும் ஏற்றுங்கள், ஏசியை முழுசாகப் போடச் சொல்லுங்கள், ஷோரூமுக்கு எதிரே இருக்கும் நேர் ரோட்டில் ஒரு சுற்று என்று முடித்துக்கொள்ளாமல் ஒரு மேம்பாலத்தில் நடு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது மனைவி ஓட்டட்டும். இறங்கியதும் அப்பா முழங்காலைத் தடவுகிறாரா என்று பாருங்கள்.