வைக்கோல் காளான் மாதிரியே இருக்கிறது, சமைக்கலாமா?

கேள்வி: தோட்டத்தில் மரத்தடியில் மூடாக்காக வைக்கோல் பரப்பியிருந்தோம். மழைக்குப் பிறகு அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்தது. பார்க்க வைக்கோல் காளான் மாதிரியே இருக்கிறது. காட்டுக் காளான் விற்கும் ஒருவர் பார்த்துவிட்டு, "நல்ல ரகம்தான், அடியை வெட்டிக் காயவைத்துக் கொடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். மொபைல் ஆப்பும் வைக்கோல் காளான் என்றே காட்டுகிறது. வெள்ளி ஸ்பூன் போட்டுக் கொதிக்க வைத்தோம், கறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் நேற்று முன்தினம் இரவு சமைத்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை இரண்டு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது, இப்போது சரியாகிவிட்டது. நன்றாக வேகவைத்தால் நாங்களும் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடாதீர்கள். அதைவிட அவசரம் பக்கத்து வீட்டு விஷயம். "இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். அந்தக் காளானைத் தின்ற அத்தனை பேரும், வயிறு கலங்காதவர்களும் சேர்த்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பியாயிற்று. காரணத்தை இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவும்.

ஆளைக் கொல்லும் காளான்களில் முதலிடம் அமானிடா இனத்தைச் சேர்ந்த சிலவற்றுக்கு. டெத் கேப் என்பது அவற்றில் பேர்போனது. தூய வெள்ளையாக இருக்கும் வேறு சிலவும் உண்டு, அவையும் அதே அளவு மோசம். இவற்றின் நஞ்சு சாப்பிட்டவுடன் எதுவும் செய்யாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஆள் நன்றாக இருப்பார். பிறகு தண்ணீர் தண்ணீராகப் பேதி, வாந்தி, வயிற்று வலி. ஒரு நாளில் அது அடங்கும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். உள்ளே கல்லீரல் செல்கள் அழிந்துகொண்டிருக்கும். செல்லுக்குத் தேவையான புரதங்களைச் செய்வதற்கான உத்தரவு நகலாவதையே இந்த நஞ்சு நிறுத்திவிடுகிறது. மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகிறது, ரத்தம் உறைவது குறைகிறது, நினைவு தப்புகிறது. அந்தக் கட்டத்தில் மாற்றுக் கல்லீரல் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம். இரவு சாப்பிட்டு, மறுநாள் காலை பேதி, அதற்கடுத்த நாள் சரியானது என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது.

வேகவைத்தால் போகுமா என்றால், போகாது. கொதிக்க வைத்து நீரை வடித்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் இந்த நஞ்சு சிதையாது. வளர்ந்த காளான் ஒன்றே ஒன்று போதும், ஒரு பெரியவர் உயிருக்கு ஆபத்து. குழந்தைக்கு இன்னும் குறைவு போதும். சுவையிலும் எச்சரிக்கை கிடையாது. பிழைத்தவர்கள் பலர் ருசியாகவே இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளி ஸ்பூன் சோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அமானிடா நஞ்சுக்கு வெள்ளியைக் கறுக்கவைக்கும் குணம் இல்லை. பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும், நத்தை கடித்திருந்தால் நல்லது என்பதும், குடையின் தோல் உரிந்தால் உண்ணலாம் என்பதும் இதே கதைதான். டெத் கேப்பை நத்தை நிம்மதியாகத் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது. தோலும் அழகாக உரியும்.

அந்த விற்பனைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். "அடியை வெட்டிக் காயவைத்துக் கொடுங்கள்" என்றாரே, காளான் வியாபாரத்தில் எனக்குத் தீராத கோபம் இதன்மேல்தான். அமானிடாவை வேறு காளானிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் காம்பின் அடியில், மண்ணுக்குள் இருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது காளான் முழுவதும் முட்டை போல ஓர் உறைக்குள் இருக்கும். வளரும்போது உறை கிழிந்து, அடியில் கிண்ணம் போலவோ கிழிந்த பை போலவோ தங்கிவிடும். காம்பைப் பிடித்து இழுத்தால் காளான் வந்துவிடும், பை மண்ணிலேயே நின்றுவிடும். கத்தியால் அடியை நறுக்கினாலும் அதேதான். கூடையில் அப்போது இருப்பது யாராலும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு வெள்ளைக் குடை. அடியை நீக்கிய, துண்டு போட்ட, காயவைத்த காட்டுக் காளானை எவர் விற்றாலும் வாங்காதீர்கள், எவருக்கும் விற்கவும் செய்யாதீர்கள். பறித்தவர் ஒருவர், காயவைத்தவர் ஒருவர், பாக்கெட் போட்டவர் ஒருவர். கடைசி ஆளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. "காட்டுக் காளான்" என்று மட்டும் அச்சிட்ட பாக்கெட்டை இனத்தின் பெயர் இல்லாமல் எப்படி விற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

சரி, உங்கள் காளானைத் தோண்டிப் பார்ப்போம். கையால் பிடுங்காமல் சுற்றி நாலு விரல் தள்ளிக் கத்தியை இறக்கி, மண்ணோடு அப்படியே தூக்குங்கள். தொட்டால் நஞ்சு ஏறாது, பயப்பட வேண்டாம், கையை மட்டும் கழுவுங்கள். அடியில் பை இருக்கிறதா, காம்பின் நடுவில் பாவாடை போலத் தொங்கும் வளையம் இருக்கிறதா, குடையின் அடியில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செவுள்கள் என்ன நிறம் என்று பாருங்கள். அடியில் பை இருந்தால் அந்தக் காளான் வேண்டாம்.

இங்கேதான் ஒரு சிக்கல், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு! நல்ல காளான்களில் இது ஒரு விதிவிலக்கு, ஆளைக் குழியில் தள்ளுவதும் இதுவே. ஆசியாவிலிருந்து வேறு நாடுகளுக்குக் குடிபோனவர்கள் டெத் கேப்பை வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்த சம்பவங்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவாகியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஒரு புத்தாண்டு விருந்தில் டெத் கேப் கலந்த உணவைச் சாப்பிட்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்தார்கள். ஊரில் சிறுவயதிலிருந்து பறித்துத் தின்று பழகியவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். கண் பழகிய உருவத்தை நம்புகிறது.

வித்தியாசம் எங்கே என்றால்: வைக்கோல் காளானுக்குக் காம்பில் வளையம் கிடையாது. செவுள்கள் முதலில் வெள்ளையாக இருந்து, முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். டெத் கேப்புக்கு வளையம் உண்டு, செவுள்கள் கடைசிவரை வெள்ளை. ஆனால் மழையில் வளையம் உதிர்ந்துவிடும். வைக்கோல் காளானும் இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளைதான். மூடிய முட்டைப் பருவத்தில், அதாவது வைக்கோல் காளானை ஆசையாகச் சாப்பிடும் அதே பருவத்தில், நீளவாக்கில் வெட்டிப் பார்த்தாலும் இரண்டுக்குள்ளும் ஒரு குட்டிக் காளானின் உருவம் தெரியும். வீட்டில் வைத்துப் பிரிக்க முடியாது.

இடம் வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். வைக்கோல் காளான் மட்கும் வைக்கோலைத் தின்று வளர்வது, டெத் கேப் உயிருள்ள மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்வது. உண்மைதான். ஆனால் நீங்கள் வைக்கோலை மரத்தடியில் பரப்பியிருக்கிறீர்கள். வேரிலிருந்து கிளம்பிய காளானும் வைக்கோலைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வரும்.

வித்துத்தூள், அதாவது காளான் விதை போல உதிர்க்கும் நுண்பொடி, அதை வைத்து ஒரு சோதனை உண்டு. நன்றாக விரிந்த குடையைக் காம்பில்லாமல் அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழே படும்படி வையுங்கள். கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் தூள் கோடுகோடாகப் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் என்றால் அது வைக்கோல் காளான் கிடையாது, விவகாரம் அங்கேயே முடிந்தது. இளஞ்சிவப்பு என்றால்? சமைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. இளஞ்சிவப்புத் தூள் விடும் விஷக் காளான்களும் இருக்கின்றன. இந்தச் சோதனை ஒன்றைத் தள்ளிவிட உதவும், ஏற்றுக்கொள்ள உதவாது. பச்சைத் தூள் விழுந்தால் அது புல்தரையில் பெரிய குடையாக முளைக்கும் வேறொரு ரகம். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையாக வாந்தி எடுக்க வைக்கும்.

ஆப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது பார்ப்பது மேலிருந்து எடுத்த படத்தை. மண்ணுக்குள் இருக்கும் பை படத்தில் கிடையாது, வித்துத்தூளும் கிடையாது. "சாப்பிடுவதற்கு இதை நம்ப வேண்டாம்" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் பெயரைக் காட்டுகிறார்கள்.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையும் பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் சொல்ல வேண்டியவை: காளான் சாப்பிட்டோம், இத்தனை மணிக்கு, முதல் பேதி இத்தனை மணிக்கு, சாப்பிட்டவர்கள் இத்தனை பேர். இதைச் சொல்லாவிட்டால் பல இடங்களில் கேட்கவே மாட்டார்கள். சாப்பாட்டு ஒவ்வாமை என்று எழுதி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, உப்புச் சர்க்கரைப் பாக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கிய பேதி என்றால் கல்லீரல் என்சைம்கள், ரத்தம் உறையும் நேரம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். முதல் முடிவு சரியாக இருந்தாலும் போதாது, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏறுவது பிறகுதான். சீக்கிரம் போனால் கரித்தூள் மருந்து, நிறைய திரவம், கல்லீரலைக் காக்கக் கொடுக்கும் சிலிபினின், அசிட்டைல்சிஸ்டைன் மருந்துகள் என்று செய்ய வழிகள் இருக்கின்றன. மாற்றுக் கல்லீரல் வசதி உள்ள இடத்துக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்பதையும் அன்றே பேசிவிடுவது நல்லது. ஒரே கூடையில் பல ரகம் கலந்திருக்கும் என்பதால், சீக்கிரமே வாந்தி வந்தவரையும் சாதாரண ரகம் என்று நினைத்து விட்டுவிட முடியாது.

உங்கள் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தால் இப்போதைக்கு எறிய வேண்டாம். சமைக்காத காளானைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஒரே நாளில் அழுகிக் கூழாகிவிடும், பிறகு எவராலும் அடையாளம் சொல்ல முடியாது. தோண்டி எடுத்த முழுக் காளான் ஒன்றாவது மண்ணோடு இருக்கட்டும். மேலே, அடியில், பக்கவாட்டில் மூன்று படம் எடுங்கள், முளைத்த மரத்தையும் சேர்த்து. பக்கத்து வீட்டில் சமைத்தது ஒரு கரண்டி மிச்சமிருந்தாலும் டப்பாவில் மூடி, பெரிதாக "விஷம், தொடாதே" என்று எழுதி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தோட்டத்தில் மீதி இருப்பதை அடியோடு தோண்டி எடுத்துக் குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். வேரோடு ஒட்டி வாழும் ரகமாக இருந்தால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் முளைக்கும், அப்போதும் போய்ப் பாருங்கள்.