‘அது வேறு விஷயம்’ என்று எழுதிவிட்டீர்களே, அம்மா!

கேள்வி: என் மகளுக்கு 34 வயது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். அந்த ஊருக்கு வெளியே தம்மசாரா என்று பௌத்தத் துறவிப் பெண்கள் வாழும் மடம் இருக்கிறது. சில வருடங்களாக ஞாயிறுதோறும் அங்கே சமைத்து எடுத்துக்கொண்டு போவாள். நல்ல காரியம்தானே என்று நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பிக்குணி ஆகப்போகிறாளாம். அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். நானும் அவள் அப்பாவும் மறுத்துவிட்டோம். தயிர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத பெண், யாரோ கொண்டுவந்து போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு, நோய் வந்தால் பார்க்க ஆளில்லாமல் எப்படி இருப்பாள்? மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்றாலும் வாங்கக்கூடாதாம். பௌத்தர்களிலேயே பலர் பிக்குணிகளை ஏற்பதில்லை என்றும் படித்தேன். அவள் அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது, எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. மகனும் மருமகளும் இருக்கும் ஃபிளாட்டின் கடன் அவள் பெயரில் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, அது வேறு விஷயம். பெற்ற பாசத்தில் கேட்கிறேன், அவள் மனதை மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்.
— ஒரு தாய், கோவை

பதில்: அம்மா, தயிரைப் பற்றி எழுதினீர்கள், நோயைப் பற்றி எழுதினீர்கள், பாசத்தைப் பற்றி எழுதினீர்கள். வீட்டுக் கடனை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அது வேறு விஷயம் இல்லை. மற்றதை எல்லாம் அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த வரிக்கு வருகிறேன்.

பிக்குணியாக ஏற்கும் சடங்கில் அந்தப் பெண்ணை நிறுத்தி வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். இன்னின்ன நோய் உண்டா, யாருக்கும் அடிமையில்லையே, அரசு சேவகத்தில் இல்லையே, வயது 20 நிரம்பியதா, பிச்சைப் பாத்திரமும் சீவரம் என்கிற துறவி உடையும் இருக்கிறதா என்று அது போகும். அதில் இரண்டு கேள்விகள் நேராக உங்கள் வீட்டுக்கு வருகின்றன. தாய் தந்தையும், கணவன் இருந்தால் அவனும், அனுமதி தந்தார்களா என்பது ஒன்று. உனக்குக் கடன் ஏதும் இல்லையே என்பது இன்னொன்று. ஆகவே நாளைக்கே நீங்கள் சம்மதம் என்று சொன்னாலும், வங்கியில் அவள் பெயரில் கடன் நிற்கிறவரை அந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு விதிகளுக்கும் கதை உண்டு. மகதத்தில் கடன்காரன் ஒருவன் ஓடிப்போய்ப் பிக்கு ஆகிவிட்டான். கடன் கொடுத்தவர்கள் பிடிக்கப் போனால், துறவிகளைத் தொடக்கூடாது என்று பிம்பிசார மன்னனின் உத்தரவு தடுத்தது. ஊர் முணுமுணுத்தது. கடனாளிக்குத் துறவு கிடையாது என்று புத்தர் விதித்தது அதற்குப் பிறகுதான். பெற்றோர் சம்மத விதியைக் கேட்டு வாங்கியவர் புத்தரின் அப்பா சுத்தோதனர். மகன் போனான், அடுத்த மகன் நந்தன் போனான், கடைசியில் பேரன் ராகுலனையும் சிறுவனாக இருக்கும்போதே சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, எலும்பை அறுத்து உள்ளே மஜ்ஜை வரை போகிறது, இனிமேல் பெற்றோரைக் கேட்காமல் யாருக்கும் துறவு கொடுக்காதீர்கள் என்று அந்தக் கிழவர் கேட்டுக்கொண்டார். புத்தரும் ஒப்புக்கொண்டார். சுத்தோதனர் தன் வலிக்காகக் கேட்டு வாங்கிய உரிமை அது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் தவணை வசூல் செய்கிறீர்கள்.

கோபம் வருகிறதா? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 34 வயதுப் பெண் 43 வயது வரை கட்ட வேண்டும். எதற்கு? தான் ஒரு நாளும் குடியிருக்கப் போகாத வீட்டுக்கு. சம்பாதிக்கும் ஆண்பிள்ளை அங்கே இருக்கிறார், மருமகள் இருக்கிறார். வேலையை விட்ட பிறகு தவணை எங்கிருந்து போகிறது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அவள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் இது புதிதே இல்லை. மகள் கல்யாணமே வேண்டாம் என்கிறாள், மகள் வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாள், மகள் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டாள் என்று கண்ணீரோடு வரும் கடிதங்களில், பாதிக்கு மேல் படித்தால் எங்கேயாவது அவள் கட்டும் ஒரு கடன் ஒளிந்திருக்கும்.

பெற்றவர்களைப் பட்டினி போட்டுவிட்டுப் புண்ணியம் தேடும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் நான் திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். புத்தரும் என் கட்சிதான். தாயை ஒரு தோளிலும் தந்தையை ஒரு தோளிலும் 100 வருடம் சுமந்தாலும் பட்ட கடன் தீராது என்றவர் அவர். தனக்குக் கிடைத்த துணியைப் பெற்றோருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு பிக்கு தயங்கியபோது தாராளமாகக் கொடு என்று அனுமதித்தவர். உங்கள் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்ணை இன்றே ஊருக்குக் கிளம்பி வரச் சொல்லியிருப்பேன். ஆனால் குறை ஒன்றுமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவன் வீட்டுத் தவணை எந்தத் தர்மத்தில் அக்கா தங்கையின் கடமை?

சரி, தயிருக்கு வருகிறேன். யாரோ கொண்டுவந்து போடுவதைச் சாப்பிடுவாள் என்கிறீர்கள். இத்தனை வருடம் அந்த ‘யாரோ’ உங்கள் மகள்தான். ஞாயிறுதோறும் சமைத்துக்கொண்டு போனவளுக்கு, பிக்குணிகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அவர்கள் பணத்தைத் தொடமாட்டார்கள். தாங்களாகச் சமைக்கமாட்டார்கள், இன்றைக்கு வாங்கிய சோற்றை நாளைக்கு எடுத்துவைக்கமாட்டார்கள். உச்சிப்பொழுதுக்குள் ஒருவர் கையால் கொடுத்தால்தான் அன்றைய சாப்பாடு. தினமும் இல்லறத்தாரை நம்பித்தான் இருக்க வேண்டும் என்றே அந்த ஏற்பாடு. இப்போது வெள்ளை உடுத்தி, எட்டுச் சீலம் என்கிற எட்டு நோன்புகளில் மட்டும் இருப்பதால் அவள் சமைக்கலாம், பணத்தைத் தொடலாம். மற்றவர்களால் முடியாததைச் செய்துகொடுக்கும் இடத்தில் நிற்கிறாள்.

இலங்கை, தாய்லாந்து பக்கத்துப் பௌத்தமான தேரவாதத்தில் பிக்குணிகளுக்கு 311 விதிகள். அதில் எட்டு விதிகள் இப்படி இருக்கின்றன: நோயில்லாத பிக்குணி நெய், எண்ணெய், தேன், வெல்லம், மீன், இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடாது. ஆமாம், தயிர் பெயர் சொல்லியே இருக்கிறது. அவர்களாகக் கொடுத்தால் சாப்பிடலாம். ஆனால் கேட்பதற்கும் விலக்கு உண்டு. ‘வேண்டியதைக் கேளுங்கள்’ என்று முன்பே சொல்லிவைத்தவர்களிடம் கேட்கலாம், சொந்தக்காரர்களிடமும் கேட்கலாம். அதாவது நாளைக்கு அவள் வாய்விட்டுத் தயிர் கேட்கக்கூடிய சிலரில் நீங்கள் ஒருவர். நீங்களோ அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பணம் அனுப்பியே தீருவேன் என்றால் அவள் கைக்கு அனுப்பாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலிய பௌத்த சங்கத்தின் மடம் அது. கணக்கு வழக்கு பார்ப்பது இல்லறத்தார், அங்கே கொடுக்கலாம். நோய் வந்தாலும் துணி, உணவு, இருப்பிடத்தோடு மருந்தும் சேர்த்துத்தான் இல்லறத்தார் பொறுப்பு. கூட இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி.

பலர் ஏற்பதில்லை என்பது உண்மை. இலங்கையில் சோழர் படையெடுப்புக் காலத்தை ஒட்டி அற்றுப்போன பிக்குணிப் பரம்பரை 1990களில்தான் மறுபடி துளிர்த்தது. பெர்த்தில் 2009 அக்டோபரில் நான்கு பெண்களுக்கு முழுத் துறவு கொடுத்தார்கள். அதற்காகத் தாய்லாந்துத் தலைமை மடம், அந்தத் துறவுக்குத் துணைநின்ற பெர்த் துறவி அஜான் பிரம்மின் மடத்தையே தன் கிளைகளிலிருந்து நீக்கிவிட்டது. உங்கள் மகள் இதெல்லாம் தெரியாமலா போயிருப்பாள்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஃபிளாட் பத்திரம் யார் பெயரில் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் பெயரில் என்றால், வங்கியைக் கேட்டுக்கொண்டு, உங்கள் மகன் தன் பெயரில் கடன் வாங்கி அதை அடைக்கட்டும். அவள் அவருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கட்டும். பெர்த்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, பவர் கொடுக்க அவள் கோவை வர வேண்டியதில்லை. மகனுக்கு அவ்வளவு கடன் கட்ட வருமானம் போதாது என்றால் வீட்டை விற்றுக் கடனை முடித்துவிட்டு, அவர் தன் சம்பளத்துக்கு ஏற்ற வாடகை வீட்டுக்குப் போகட்டும். மருமகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதன் பிறகும் உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அதை அவள் மதித்துக் காத்திருக்கத்தான் வேண்டும். பெற்றவள் சொல்லுக்கு அந்த மரியாதை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடன் இருக்கும்போது சொல்கிற வேண்டாமுக்கு அந்த மரியாதை கிடையாது.

இந்த வாரமே மகனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். வரமாட்டேன் என்றால், என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.