படிவம் 4, 5 வேதியியல்: கேட்டதும் சொன்னதும்

கோலாலம்பூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். வேதியியல் மட்டும்தான். ‘இந்த வருஷம் எஸ்.பி.எம்.மில் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வில்) எது வரும்’ என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: தெரியாது. தெரியும் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

செந்தூல், படிவம் 4 மாணவி: சார், 2.4 கிராம் மக்னீசியத்தை எரித்தால் எவ்வளவு மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்? எனக்கு 8 கிராம் வருகிறது. விடையில் 4 கிராம் என்று போட்டிருக்கிறது.

விடைதான் சரி, தங்கச்சி. ஒரு மோல் மக்னீசியம் 24 கிராம், ஆகவே உங்கள் 2.4 கிராம் 0.1 மோல். சமன்பாட்டில் (2Mg + O₂ → 2MgO) ஆக்சைடுக்கு முன்னால் ஒரு 2 நிற்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு மோல் ஆக்சைடின் எடையான 40-ஐ 80 ஆக்கி 0.1 மோலால் பெருக்கிவிட்டீர்கள். மக்னீசியத்துக்கு முன்னாலும் ஒரு 2 இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? இரண்டுக்கு இரண்டு என்றால் ஒன்றுக்கு ஒன்று. 0.1 மோல் மக்னீசியம் எரிந்தால் 0.1 மோல் ஆக்சைடு, அதாவது 4 கிராம்.

உங்கள் 8 கிராம் நடக்காது என்பதை நீங்களே கண்டுபிடித்திருக்கலாம். 8-இல் 2.4 போனால் 5.6 கிராம் ஆக்சிஜன். 16-ஆல் வகுத்தால் 0.35 மோல். அப்படியென்றால் ஒவ்வொரு மக்னீசியம் அணுவோடும் மூன்றரை ஆக்சிஜன் அணு ஒட்டியிருக்க வேண்டும். மக்னீசியத்திடம் கொடுப்பதற்கு இருப்பதே இரண்டு எலக்ட்ரான், ஒரே ஒரு ஆக்சிஜன் அந்த இரண்டையும் வாங்கிக்கொள்ளும். விடை வந்ததும் இப்படி ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

மோல் என்பது எண்ணிக்கை, எடை அல்ல. வங்கியில் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணாமல் தராசில் போட்டு எத்தனை காசு என்று சொல்வார்களே, அதே வேலைதான். தராசு காட்டுவது கிராம். நமக்கு வேண்டியது எத்தனை அணு என்பது. ஒரு மோலுக்கு 6.02 × 10²³.

கெப்போங், படிவம் 4: அதே சோதனையில் மூசையின் (மக்னீசியத்தை வைத்துச் சூடாக்கும் கிண்ணத்தின்) மூடியை அடிக்கடி லேசாகத் திறந்து மூடச் சொல்கிறார்களே, எதற்கு?

திறக்காவிட்டால் காற்று போகாது, மக்னீசியம் முழுசாக எரியாது. அகலத் திறந்தால் வெள்ளைப் புகை வெளியேறும். அந்தப் புகைதான் நீங்கள் எடை போட வேண்டிய ஆக்சைடு. எடை மாறாமல் நிற்கும்வரை சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி நிறுங்கள்.

ஈப்போ சாலை, படிவம் 5 மாணவர்: சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினோம், பால் மாதிரி ஆனது. என் கூட்டாளி விடாமல் ஊதிக்கொண்டே இருந்தான், மறுபடி தெளிந்துவிட்டது! சோதனைக்குழாய் அழுக்கு என்று சொல்லி எங்கள் முடிவை அடித்துவிட்டார்கள்.

உங்கள் கூட்டாளிக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள், என் கணக்கில். குழாயில் அழுக்கு இல்லை. நீங்கள் பார்த்தது பாடத்தின் இரண்டாம் பாதி. முதல் பாதியோடு பெரும்பாலோர் குழாயைக் கழுவிவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு நீர் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்த தண்ணீர். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அதோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. அது நீரில் கரையாது, அதனால் வெள்ளையாகக் கலங்குகிறது. தொடர்ந்து ஊதினால், கூடுதலாக வரும் வாயுவும் தண்ணீரும் அந்தக் கார்பனேட்டோடு வினைபுரிந்து கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட் ஆக்கும். இது கரையும், அதனால் தெளிவு. இப்போது அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்குங்கள். வாயு பிரிந்து போகும், வெள்ளை திரும்பி வரும். ஒரே வினை, முன்னும் பின்னுமாக.

இதையே பெரிய அளவில் பார்க்க உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. பத்துமலை முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும், வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்து நிறையவும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு பாறைக்குள் இறங்குகிறது. போகிற வழியில் கல்லைக் கரைக்கிறது. உங்கள் கூட்டாளி விடாமல் ஊதினானே, அதுதான் இது. குகையின் கூரையில் அந்த நீர் சொட்டாக வந்து தொங்கும்போது வாயு குகைக் காற்றுக்குள் தப்பிவிடுகிறது. கரைந்திருந்த கார்பனேட் நிற்க இடமில்லாமல் கூரையிலேயே படிகிறது. 272 படி ஏறி அண்ணாந்து பார்த்தால் தொங்குகிற கற்கள் எல்லாம் அப்படிப் படிந்தவை. தண்ணீர் வற்றி உப்பு மிஞ்சுவதுபோல என்று எழுதிவிடாதீர்கள். முக்கியக் காரணம் வாயு வெளியேறுவது.

அப்புறம், ஊதும்போது உறிஞ்சிவிடாதீர்கள். சுண்ணாம்பு நீர் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது), வாயும் தொண்டையும் எரியும்.

பிரிக்பீல்ட்ஸ், ஒரு பாட்டி: ஆரத்தித் தண்ணீர் மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே ஐயா, பேரன் கேட்கிறான்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் ஒரு நிறங்காட்டி அம்மா. காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்ப மஞ்சளாகும். தாளில் மஞ்சள் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு. சங்குப்பூ ஊறிய தண்ணீரும் நன்றாக வேலை செய்யும். ப்ளீச்சை மட்டும் பேரன் தொட வேண்டாம், காரணம் கீழே கெப்போங் அம்மாவுக்கான பதிலில்.

பந்தாய் டாலாம், ஒரு தந்தை: நான் படித்த காலத்தில் எஸ்.டி.பி.யில் (நியம வெப்பநிலை, அழுத்தத்தில்) ஒரு மோல் வாயு 22.4 லிட்டர். மகள் புத்தகத்தில் 22.7. அச்சுப்பிழையா?

இல்லை. வாயு மாறவில்லை, ‘நியம அழுத்தம்’ மாறியது. முன்பு 1 வளிமண்டல அழுத்தம், அதாவது 101.325 கிலோபாஸ்கல். 1982-இல் ஐயுபேக் (வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பு) அதை 100 கிலோபாஸ்கல் ஆக்கியது. அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும், 22.4 நகர்ந்து 22.7 ஆகும். மகள் 22.7 எழுதட்டும்.

செராஸ், டியூஷன் ஆசிரியர்: இதை ஒப்புக்கொள்ள முடியாது சார். 22.4 எத்தனையோ புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் குழப்புகிறீர்கள்.

இருக்கிறது, மறுக்கவில்லை. அவை பழைய அழுத்தத்தில் நிற்கின்றன. குழப்பம் எண்ணில் இல்லை, அழுத்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில் இருக்கிறது. தேர்வில் பெரும்பாலும் கேள்வியிலேயே மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைப் போடச் சொல்லுங்கள்.

பங்சார், பொறியாளர்: அப்படிப் பார்த்தால் ‘அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர்’ என்பதும் தப்புத்தானே?

வந்துவிட்டீர்களா! 1 வளிமண்டல அழுத்தத்தில் 20 பாகை செல்சியஸுக்குத்தான் 24 பொருந்தும். 25 பாகைக்கு ஏறக்குறைய 24.5. மின்விசிறி மட்டும் சுற்றும் நம்மூர் வகுப்பறை, 30 பாகை என்றால் கிட்டத்தட்ட 24.9. குளிர்சாதனத்தை நன்றாகத் திருகிவிட்டவருக்கே 24 கிடைக்கும். அதற்காகத் தேர்வில் 24.9 எழுதிவிட்டு என்னிடம் வராதீர்கள், அது தோராயம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட மதிப்பு.

செராஸ், அதே ஆசிரியர்: ஆக, நீங்களே தோராயம் என்கிறீர்கள். பிறகு 22.4-க்கும் 22.7-க்கும் என்ன சண்டை?

தோராயம் வேறு, வரையறை வேறு. 24 தோராயம். 22.7 ஒரு வரையறையிலிருந்து வருவது. வரையறை மாறினால் எண்ணும் மாறித்தான் ஆக வேண்டும். இதற்குமேல் இந்த விஷயத்தில் நான் பேசப்போவதில்லை.

கெப்போங், ஓர் அம்மா: கழிவறை நாற்றம் போகவில்லை. ப்ளீச்சோடு கழிவறை ஆசிட் கலந்தால் நல்லதா?

கூடவே கூடாது. ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட், கழிவறை ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சன்னல் சின்னதாக உள்ள குளியலறையில் நுரையீரலைப் பதம்பார்த்துவிடும். அம்மோனியா உள்ள திரவத்தோடும் கலக்காதீர்கள், அதில் குளோரமைன் வரும். ஒன்றைப் போட்டு, முழுசாகக் கழுவிவிட்டு, அப்புறம் அடுத்தது.

செந்தூல், படிவம் 5: வன்மையான அமிலமும் செறிவான அமிலமும் ஒன்றா? (இதையே இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்.)

இல்லை. வன்மை என்பது எவ்வளவு முழுமையாக அயனியாகிறது என்பது. செறிவு என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பது. லிட்டருக்கு 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வன்மையானது, ஆனால் நீர்த்தது, பி.எச். 3 (பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). சமையல் வினிகர் வன்மை குறைந்தது, ஆனால் லிட்டருக்குச் சுமார் 0.8 மோல், பி.எச். ஏறத்தாழ 2.4. வன்மை குறைந்ததுதான் இங்கே அதிகப் புளிப்பு. இதை ஒருமுறை உட்கார்ந்து யோசித்தால் மறக்காது.

பந்தாய் டாலாம், படிவம் 4: மோல் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது சார்.

முதல் பதிலைப் படியுங்கள்.

செராஸ், படிவம் 4: சாருக்கு ஓம் விதி தெரியுமா?

தெரியும். இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஈப்போ சாலை, அதே மாணவர்: தெளிந்த நீரைச் சூடாக்கினோம் சார், மறுபடி கலங்கியது! இப்போது என்ன எழுதுவது?

நீங்கள் பார்த்ததை, பார்த்த வரிசையில். கலங்கியது, தெளிந்தது, சூடாக்கியதும் மீண்டும் கலங்கியது. மூன்றுக்கும் தனித்தனியாகச் சமன்பாடு, மூன்றையும் சமன்செய்து. அதைக் கொண்டுபோய் முடிவை அடித்தவரிடமே காட்டுங்கள், மரியாதையாக.