டயரைச் சோதிக்கும் வேலைக்குப் போக மகள் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி கிடைத்தால் சேர்ந்து, டயர் சோதனைத் துறைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். டயரை உருட்டிப் பார்ப்பதற்கு ஒரு பி.டெக். வேண்டுமா? ஆலைச் சூட்டில் வேக வேண்டியிருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: உருட்டிப் பார்ப்பதுதான் வேலை ஐயா, சந்தேகமே இல்லை. எப்படி உருட்டுகிறார்கள் என்று பார்த்தால் படிப்பு எதற்கு என்பது புரிந்துவிடும்.

மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் 'எச்' வகைக் கார் டயரை எடுத்துக்கொள்வோம். ஐ.நா. விதி 30-இன்படி, அதைச் சோதனை அறை வெப்பநிலையில் குறைந்தது 3 மணி நேரம் வைத்திருந்து, உச்ச சுமையில் 80 சதவீதத்தை ஏற்றி, 2 மீட்டர் விட்டமுள்ள எஃகு டிரம்மில் அழுத்தி ஓட்டுவார்கள். முதல் 10 நிமிடத்தில் 180-ஐத் தொட வேண்டும். பிறகு 180, 190, 200 வேகங்களில் பத்துப் பத்து நிமிடம், கடைசியாக 210-இல் 20 நிமிடம். டிரம் 1.7 மீட்டர்தான் என்றால் ஒவ்வொரு படியிலும் வேகம் 10 கி.மீ. குறையும்; சின்ன டிரம்மில் டயர் அதிகம் வளைந்து அதிகம் சூடாகும் என்பதே காரணம். ஒரு மணி நேரம் ஓடிய பின் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) பிய்ந்திருக்கக் கூடாது, அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடாது, நூல் அறுந்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் கழித்து அளந்தால் வெளிவிட்டம் 3.5 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கவும் கூடாது. தோற்கும் டயர் பெரும்பாலும் தோள்பகுதியில், எஃகு பெல்ட்டின் ஓரத்தில்தான் விட்டுக்கொடுக்கும். சூடு குவிவது அங்கேதான். கலவை சரியில்லையா, எஃகில் ரப்பர் ஒட்டவில்லையா, வேகவைத்த நேரம் போதவில்லையா என்று அறுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடம் அதற்குத்தான்.

பாஸ், ஃபெயில் சொல்வது சுலபம். இரண்டு டயரில் எது மேல் என்று சொல்வதுதான் கடினம். ஈரச்சாலை பிரேக் சோதனையில் தளத்தின் மேல் 0.5 முதல் 1.5 மி.மீ. தண்ணீர் நிற்கும், 80 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு இறங்கும்வரை வண்டி எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்று அளப்பார்கள். காலையில் வந்த எண் மதியம் வராது. வெயில் ஏறும், தளத்தின் பிடிப்பு மாறும். அதனால் எல்லாச் சோதனைக்கூடங்களும் ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பீட்டு டயரை முதலில் ஓட்டி, நடுவில் மற்ற டயர்களை ஓட்டி, முடிவில் மறுபடி ஒப்பீட்டு டயரையே ஓட்டுவார்கள். அதன் இரண்டு அளவும் வெகுவாக விலகினால் நடுவில் எடுத்ததெல்லாம் குப்பை. இந்த ஒப்பீட்டில் கிடைப்பதுதான் ஈரப்பிடிப்புக் குறியீடு; எண் கூடினால் பிடிப்பும் கூடுதல். டயரின் தரத்தைக் காட்டும் ஐரோப்பிய லேபிளில் உச்ச தரமான 'ஏ' வாங்க 1.55 வேண்டும்.

கணக்கு கெடுவது அற்பக் காரணங்களால்தான். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு தேயும் முன்பே ஓட்டுவது, ஒன்றுக்குக் குளிர்ந்த நிலையிலும் இன்னொன்றுக்கு ஓடிய சூட்டிலும் காற்று வைப்பது, பாதி தேய்ந்ததைப் புதியதோடு ஒப்பிடுவது.

உருளும் தடை, அதாவது உருளும்போது டயர் வண்டியைப் பின்னிழுக்கும் விசை, இன்னும் நுணுக்கம். சுமைக் குறியீடு 91 உள்ள டயர் 615 கிலோ தாங்கும். அதில் 80 சதவீதம் ஏற்றினால் சுமை சுமார் 4,826 நியூட்டன். 25 டிகிரி அறையில், 80 கி.மீ. வேகத்தில், அரை மணி நேரம் சூடேற ஓட்டிய பிறகு கிடைக்கும் தடை, நடுத்தர டயருக்கு ஏறத்தாழ 43 நியூட்டன். 'ஏ' தர டயருக்கு 31. அத்தனை பெரிய சுமைக்குள் இந்த 12 நியூட்டன் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். தடையைக் குறைத்தால் ஈரப்பிடிப்பு போகும், பிடிப்பைக் கூட்டினால் தேய்மானம் வரும். சிலிக்கா சேர்த்த கலவைகள் இந்த இழுபறியைத் தளர்த்தின. ஆய்வகத்தில் ரப்பர்த் துண்டின் 'டேன் டெல்டா' மதிப்பு (நெளியும்போது எவ்வளவு ஆற்றல் சூடாக வீணாகிறது என்பதன் அளவு) ஈரப்பிடிப்புக்காக 0 டிகிரியில் அதிகமாகவும், தடை குறைய 60 டிகிரியில் குறைவாகவும் இருக்கிறதா என்று பார்த்து, டயர் செய்யும் முன்பே ஓரளவு ஊகித்துவிடுவார்கள்.

இனி படிப்புக்கு வருவோம். கலவை ஆய்வகம்தான் ஆசை என்றால் எம்.ஐ.டி. ரப்பர் படிப்பு நல்ல தேர்வு, பிறகு ஐ.ஐ.டி. கரக்பூரில் ரப்பர் டெக்னாலஜியில் எம்.டெக். படிக்கலாம். டிரம், கருவிகள், சென்சார் பக்கம் மனம் போனால் மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் போதும். டிப்ளமோவோடு நுழைகிறவர்களும் உண்டு. ஓடுதளத்தில் கையாளுதலை மதிப்பிட ஆட்டோமொபைல் பொருந்தும், அதுவும் எம்.ஐ.டி.யில் இருக்கிறது. வண்டி ஓட்டும் ஆசை ஒன்றையே நம்பி மட்டும் வர வேண்டாம். டெஸ்ட் டிரைவர் இருக்கை படிப்பு முடிந்ததும் கிடைப்பதில்லை. ஒரே வளைவை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓட்டக்கூடியவர் என்று பெயர் எடுத்த பிறகே கிடைக்கும்.

வேலைக்கு ஊர் விட்டுப் போக வேண்டிய கட்டாயமும் குறைவு. ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ், தேர்வாய் கண்டிகையில் மிச்செலின், ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., சென்னையில் எம்.ஆர்.எஃப். தலைமையகம், ஒரகடத்திலேயே அரசின் வாகன ஆராய்ச்சி மையம். வெளியே போகத் தயார் என்றால் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம், இந்தூர் அருகே 11.3 கி.மீ. அதிவேகத் தளம் கொண்ட வாகனச் சோதனை மையமான நேட்ராக்ஸ்.

சூடு பற்றி: வெப்பம் தகிப்பது டயரை வேகவைக்கும் பிரிவில். சோதனை அறைகளில் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஆலையில் ஷிப்ட் போடுவார்களா, எத்தனை மாதம், இரவு ஷிப்ட் உண்டா என்பதை நேர்முகத் தேர்விலேயே அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அந்த அனுபவம் கட்டாயம் உதவும், தவிர்க்கச் சொல்லாதீர்கள்.

கவுன்சலிங்குக்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக் காரின் நான்கு டயர்களிலும் விடியற்காலையில் காற்றழுத்தம், ஓடி வந்ததும் மறுபடி காற்றழுத்தம், பள்ளத்தின் ஆழம் மூன்று இடங்களில், கூடவே அன்றைய வெப்பநிலை. எல்லாவற்றையும் எக்ஸெலில் ஏற்றட்டும். ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்திருந்தால் முதலில் நீங்கள் டயரை மாற்றுங்கள். ஐந்தாம் நாளும் சலிக்காமல், "முன் இடதில் மட்டும் ஏன் குறைகிறது?" என்று அவளே கேட்டால், விருப்பப் பட்டியலில் ரப்பரை முதலிலும் ஆட்டோமொபைலை இரண்டாவதிலும் போடலாம். மூன்றாம் நாளே விட்டுவிட்டால் மெக்கானிக்கலை மேலே வையுங்கள்; டயர் வேண்டாம் என்று பின்னால் தோன்றினாலும் அதில் வேறு வழிகள் நிறைய இருக்கும்.